தேசம் பேச வந்த கட்சி, தொகுதிக்குள் நின்ற கதை

1939 செப்டம்பர் 6 அன்று சுபாஷ் சந்திர போஸ் மதுரைக்கு வந்தார். மூன்று நாள் முன்னதாகச் சென்னைக் கடற்கரைக் கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தபோதுதான் பிரிட்டன் போரில் இறங்கிய செய்தி வந்தது. அந்த ஆண்டில் அவர் வாழ்க்கை மாதத்துக்கு மாதம் புரண்டுகொண்டிருந்தது. ஜனவரி 29-இல், காந்தியின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவை 1,580-க்கு 1,377 என்ற கணக்கில் வென்று மீண்டும் காங்கிரஸ் தலைவரானார். ஏப்ரல் 29-இல் பதவியைத் துறந்தார். மே 3-இல் காங்கிரசுக்குள்ளேயே பார்வர்ட் பிளாக் என்ற அணியை அறிவித்தார். ஆகஸ்டில், மூன்று ஆண்டுகளுக்குக் கட்சிப் பொறுப்பு எதற்கும் தகுதியில்லை என்று காங்கிரஸ் காரியக் கமிட்டி அவரை ஒதுக்கிவைத்தது. மதுரைக்கு வந்தபோது அவரிடம் பதவி இல்லை, கட்சி இயந்திரமும் இல்லை. சமரசமில்லாத முழு விடுதலை, அதன்பின் சோசலிச அடிப்படையில் நாட்டைத் திருத்தி அமைப்பது என்ற திட்டத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக மக்கள் ஆதரவு கேட்டுக்கொண்டிருந்தார்.

மதுரையில் அவருக்குத் துணையாக நின்றவர் உ.முத்துராமலிங்கத் தேவர். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று ராமநாதபுரம் மன்னரையே தோற்கடித்தவர். பசும்பொன்னில் பெரும் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து, பசுமலை மகாலட்சுமி ஆலைத் தொழிலாளர்களுக்காகவும் நின்றவர். போஸ் காங்கிரசில் ஒதுக்கிவைக்கப்பட்டபோது தமிழ்நாட்டுத் தலைவர்கள் பெரும்பாலும் ராஜாஜியின் பக்கமோ சத்தியமூர்த்தியின் பக்கமோ இருந்தார்கள். தேவர் போசின் பக்கம் போனார். வங்காளத்தில் வேர்விட்ட ஓர் இடதுசாரி அணிக்குத் தென்கோடியில் ஒரு கிளை முளைத்தது அப்படித்தான்.

அந்தக் கிளைக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. தேசத்தை மாற்றும் திட்டத்தோடு தொடங்கிய ஒரு சிறு கட்சி மதுரைச் சமவெளியில் பெரும் செல்வாக்குப் பெற்றது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அதே சமவெளியில் ஒற்றைத் தொகுதியின் கட்சியாகச் சுருங்கியது. தலைவர்களின் குணத்தை மட்டும் வைத்து இதற்குக் காரணம் சொல்பவர்கள் உண்டு. துதிபாடும் நூல்களும் தூற்றும் நூல்களும் அந்த வகையில்தான் சேர்கின்றன. நமது தேர்தல் முறைக்கும், நிலத்துக்கும், நீருக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்தப் பங்கைக் கணக்கில் எடுக்காவிட்டால், இன்றும் மதுரையில் கொடியேற்றிப் புறப்படும் புதிய கட்சிகளின் கதையும் புரியாது.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து தண்ணீர் கிழக்கே திருப்பப்பட்டது. மதுரை வடக்கும் மேலூரும் நெல் வயலாயின. மதுரைக்கு மேற்கே, தேனி சாலையில் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் உசிலம்பட்டிக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் அந்தத் தண்ணீர் ஏறவில்லை. அந்தப் பகுதி மானாவாரியாகவே கிடந்தது. சோளமும் கம்பும் விளையும் செம்மண், மழை பொய்த்தால் பஞ்சம். அங்கே பெரும்பான்மையாக வாழ்ந்தவர்கள் பிறமலைக் கள்ளர்கள். ஊர்க்காவல் என்ற பழைய உரிமையும் வருமானமும் ஆங்கில ஆட்சியின் போலீஸ் வந்தபின் பறிபோயின, பாசனமும் கிடைக்கவில்லை. இந்த இரண்டு இழப்புகளுக்கும் மேல் மூன்றாவதாக வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம்.

1871-இல் வட இந்தியாவுக்காக இயற்றப்பட்ட அந்தச் சட்டம் 1911-இல் மதராஸ் மாகாணத்துக்கும் விரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர்கள் மேல் பாய்ந்தது. ஊர்க்காரர்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். காரணம் எளிது: பத்து விரல்களின் ரேகையையும் காவல் நிலையத்தில் பதிந்தாக வேண்டும். குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தாலே போதும். பதியப்பட்ட ஆண் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்த் தலையைக் காட்ட வேண்டும், அங்கேயே படுக்க வேண்டும். பெண் எடுத்த ஊருக்கோ சாவு வீட்டுக்கோ போவதானால் ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துக் கூடிய மக்கள்மீது போலீஸ் சுட்டது. பதினாறு பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

அந்த மக்களுக்காக முதலில் நீதிமன்றத்தில் நின்றவர் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப். கோட்டில் ரோஜாப்பூ செருகியிருந்த அவரை ரோசாப்பூ துரை என்று அந்த ஊர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன. அவருக்குப் பிறகு இந்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு போனவர் தேவர். ரேகை வைக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். காங்கிரஸ் அமைச்சரவை 1937-இல் வந்தபோதும் சட்டம் போகவில்லை. தேவருக்கும் ராஜாஜிக்கும் இடையிலான பிளவில் இந்த ஏமாற்றத்துக்கும் பங்குண்டு. 1940 முதல் 1945 வரை அவர் காலம் பெரும்பாலும் சிறையில் கழிந்தது. 1942-இல் பார்வர்ட் பிளாக் தடைசெய்யப்பட்டது. 1947-இல் மதராஸ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்கியது.

ஒரு சிறு கட்சி, ஓட்டுப்பெட்டியின் துணையில்லாமல் மக்களைத் திரட்டிப் பெற்ற சீர்திருத்தங்களில் மிகப் பெரியவற்றில் ஒன்றாக இதை நான் மதிப்பிடுகிறேன். சட்டம் நீங்கியபோது வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இன்னும் வரவில்லை. ரேகை வைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதுவரை ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டவர்களில்லை. கூட்டம், மறியல், மனு, சிறை, வழக்கு ஆகியவற்றால் மட்டுமே அது நடந்தது. ஜார்ஜ் ஜோசப், தேவர், பெருங்காமநல்லூர்க்காரர்கள், பெயர் பதிவாகாத நூற்றுக்கணக்கானோர் என்று பலரும் சேர்ந்து சாதித்தது. பார்வர்ட் பிளாக்கின் பெயர் அந்த ஊர்களில் ஊன்றியது இதனால்தான். கொல்கத்தாவில் எழுதிய கொள்கை அறிக்கையால் ஊன்றவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மலேயாவிலும் பர்மாவிலும் தோட்ட வேலைக்கும் வணிகத்துக்கும் போன தமிழர்களில் பலர் போசின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் மதுரை, ராமநாதபுரம் பகுதிக்காரர்கள் நிறைய. போர் முடிந்து திரும்பியவர்கள் நேதாஜி என்று அவர்கள் அழைத்த போசின் பெயரையும் கூடவே கொண்டுவந்தார்கள். மதுரைப் பக்கம் போஸ், சந்திரபோஸ், சுபாஷ் என்று பெயர் வைத்த ஒரு தலைமுறையே இருக்கிறது. திருப்பரங்குன்றத்தின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஏ.கே.போஸ் பெயரைச் சொன்னால் யாருக்கும் அது வங்காளப் பெயராகத் தோன்றாது. பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கமிருந்து மீனாட்சி கோயிலை நோக்கிப் போகும் தெருவுக்கு நேதாஜி ரோடு என்றுதான் பெயர். இந்த அளவுக்கு மக்களின் உள்ளத்தில் இடம்பெற்ற கட்சி தேர்தலில் என்ன ஆயிற்று?

முதல் பொதுத்தேர்தலின்போது தேர்தல் ஆணையம் 14 கட்சிகளைத் தேசியக் கட்சிகளாக ஏற்றது. அதில் பார்வர்ட் பிளாக் இரண்டு முறை வருகிறது: மார்க்சிஸ்ட் பிரிவு ஒன்று, ரூய்கர் பிரிவு ஒன்று. தலைவரை இழந்து பத்தாண்டு ஆவதற்குள் கட்சி பிளந்துவிட்டது. தேவர் மார்க்சிஸ்ட் பிரிவில் இருந்தார். தேசியமும் தெய்வீகமும் இரண்டு கண்கள் என்று பேசியவர், விரதமும் முருக பக்தியுமாக வாழ்ந்தவர், மார்க்சிஸ்ட் என்ற அடைமொழி கொண்ட பிரிவின் தமிழகத் தலைவராக இருந்தது பலருக்கு முரணாகத் தெரியும். அன்றைய பிளவின் வேர் தத்துவத்தைவிட அமைப்பில்தான் அதிகம் இருந்தது என்பதை மனத்தில் வைத்தால் முரண் குறையும். 1952-இல் தேவர் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். 375 பேர் கொண்ட மதராஸ் சட்டமன்றத்தில் கட்சிக்குக் கிடைத்தது மூன்று இடம். தேர்தல் முடிந்ததும் தேசியக் கட்சி என்ற தகுதி காங்கிரஸ், பிரஜா சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட், ஜனசங்கம் என்ற நான்குக்கு மட்டும் நிலைத்தது. பார்வர்ட் பிளாக்கின் இரண்டு பிரிவும் பட்டியலிலிருந்து போயின.

இந்த இடத்தில் கொஞ்சம் வெளியுலகத்தைப் பார்ப்பது உதவும். பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் துவெர்ஜே 1951-இல் வெளியிட்ட அரசியல் கட்சிகள் பற்றிய நூலில், அதிக ஓட்டு வாங்கியவரே வென்றவர் என்ற முறை சிறு கட்சிகளை எப்படி அரைக்கிறது என்று காட்டினார். நாடு முழுக்கப் பரவலாக ஆயிரம் ஆயிரம் ஓட்டு வாங்கும் கட்சி எங்கும் வெல்வதில்லை. தம் ஓட்டு வீணாகும் என்று அஞ்சி ஆதரவாளர்களே பெரிய கட்சிக்குப் போய்விடுவார்கள். தப்பிக்க வழி இரண்டுதான். ஓர் இடத்தில் அடர்த்தியாகத் திரள வேண்டும்; இல்லாவிட்டால் பெரிய கட்சி ஒன்று விட்டுக்கொடுக்கும் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் பேரரசையே ஆண்ட பிரிட்டிஷ் லிபரல் கட்சி, அதே 1951 தேர்தலில் ஆறு இடத்துக்குச் சுருங்கியது. அந்த ஆறில் பெரும்பாலான இடங்களில் கன்சர்வேட்டிவ் கட்சி ஆளையே நிறுத்தவில்லை. வேல்ஸ், ஸ்காட்லாந்தின் ஓரங்களில் அது உயிர்பிழைத்தது. லண்டனில் பேசிய தாராளவாதத்தை வேல்ஸ் மலைக்கிராமத்தின் தேவாலயமும் மொழியும்தான் காப்பாற்றிக் கொடுத்தன.

பார்வர்ட் பிளாக்குக்கும் இதே வழிதான் திறந்திருந்தது. அதற்கு அடர்த்தியான இடங்கள் இரண்டு: வங்காளத்தின் சில மாவட்டங்கள், தமிழ்நாட்டின் தென்பகுதி. வங்காளத்தில் இடதுசாரி முன்னணியின் உறுப்பாக 1977 முதல் 2011 வரை ஆட்சியில் இருந்தது. இங்கோ அடர்த்தி என்பது ஒரு சமூகத்தின் அடர்த்தியாக இருந்தது. ரேகைச் சட்டத்தின் காயத்தைச் சுமந்தவர்கள், அந்தக் காயத்துக்காகப் போராடிய கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். அதில் தவறில்லை, நன்றியுணர்வு அரசியலில் மதிக்கத்தக்கது. சிக்கல் அதற்கடுத்த படியில் வருகிறது. கட்சியின் இருப்பு ஒரே சமூகத்தின் திரட்சியை நம்பியிருக்கும்போது, அந்தத் திரட்சியைக் கலைக்கக்கூடிய எந்தச் சீர்திருத்தத்தையும் கட்சியால் பேச முடியாமல் போகிறது. தேசத்தைத் திருத்த வந்த திட்டம், ஓட்டுப்போட்ட ஊரைத் திருத்தும் இடத்தில் நின்றுவிடுகிறது.

1957 இதை இரக்கமில்லாமல் காட்டியது. தேவர் அந்த ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியையும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியையும் வென்று, சட்டமன்ற இடத்தை விட்டுக்கொடுத்தார். ஜூலையில் நடந்த இடைத்தேர்தலில் பார்வர்ட் பிளாக்கின் சசிவர்ணத் தேவர் வென்றார். தேர்தல் பகை ஊர்களுக்குள் சாதிப் பகையாகப் பற்றியது. செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில், ஒடுக்கப்பட்ட தேவேந்திரர்களின் உரிமைக்காகப் போராடிவந்த முன்னாள் ராணுவ வீரர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். சில நாளில் கீழத்தூவலில் போலீஸ் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். முதுகுளத்தூர் வட்டாரம் முழுவதும் வீடுகள் எரிந்தன. அம்மாத இறுதியில் தேவர் மதுரையில் வைகைப் பாலத்தருகே கைது செய்யப்பட்டார். கொலை வழக்கில் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டு, 1959 ஜனவரியில் விடுதலையானார். 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோரின் மீனாட்சி கோயில் நுழைவு நடந்தபோது, எதிர்க்க வந்தவர்களை எச்சரித்து ஆதரவாக நின்றவர் தேவர் என்பது பரவலாகப் பதிவான செய்தி. பதினெட்டு ஆண்டில் அவருடைய கட்சியின் பெயர், ஒடுக்கப்பட்டோர் எதிர்ப்புறம் நின்ற பெயராகப் பலருக்கு ஒலிக்கத் தொடங்கியது. யார்மீது எவ்வளவு பழி என்பதை இங்கே பிரித்தளக்க நான் முயலவில்லை. கட்சி அன்று இழந்தது எது என்பதை மட்டும் சொல்கிறேன்: நாட்டுக்குப் பொதுவான கட்சி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் உரிமையை.

தேவர் 1963 அக்டோபர் 30 அன்று மறைந்தார். 1908-இல் அவர் பிறந்ததும் அதே தேதியில்தான். அதன்பின் கட்சியைச் சுமந்தவர் பி.கே.மூக்கையாத் தேவர். உசிலம்பட்டிக்கு அருகே பாப்பாபட்டியில் பிறந்தவர். 1952-இல் பெரியகுளத்தில் வென்றார். பிறகு 1957, 1962, 1967, 1971, 1977 என்று ஐந்து முறை தொடர்ந்து உசிலம்பட்டியில் வென்றார். இடையில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடும் பிறகு தி.மு.க.வோடும் உறவு. 1967-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது தற்காலிக சபாநாயகராக இருந்து உறுப்பினர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்தவர் அவர்தான். 1971-இல் ராமநாதபுரத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். 1974-இல் கச்சத்தீவு ஒப்பந்தத்தை அங்கே எதிர்த்துப் பேசினார். அண்மை ஆண்டுகளில் கச்சத்தீவு பற்றிப் பேசுவோர் அந்தப் பேச்சைத் தேடி எடுக்கிறார்கள்.

மூக்கையாத் தேவரைப் பற்றி மதுரைக்கு வெளியே அதிகம் எழுதப்படவில்லை. அது பெரும் குறை. அவர் செய்த வேலை மெதுவான வேலை. உசிலம்பட்டி, கமுதி, மேலநீலிதநல்லூர் ஆகிய மூன்று ஊர்களில் தேவர் பெயரில் கல்லூரிகள் எழ அவர் முயற்சி எடுத்தார். ரேகை வைத்தவரின் பேரன் பி.ஏ. படித்தது இப்படித்தான். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் காலத்தில் கண்காணிப்போடு சேர்த்துத் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஏற்கெனவே அந்த ஊர்களில் இருந்தன. பள்ளிக்கு மேல் படிக்க வழியில்லாமல் இருந்தது. அந்த இடைவெளியைக் கல்லூரி நிரப்பியது. கூடவே, வைகை அணையிலிருந்து உசிலம்பட்டி மானாவாரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய் என்ற கோரிக்கையும் வளர்ந்தது. அந்தக் கால்வாய்க்கு 1990-களில் வேலை தொடங்கி, 2018-இல்தான் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் விடப்பட்டது. உசிலம்பட்டிப் பகுதியில் தூண்கள் மேல் ஏறிப் போகும் அதன் நீண்ட தொட்டிப்பாலத்தைப் பார்க்கிறவர்களுக்கு, பெரியாற்றுத் தண்ணீர் தவறவிட்ட ஊர்களின் நூறாண்டுக் காத்திருப்பு புரியும். அணையில் நீர்மட்டம் போதிய உயரத்துக்கு ஏறினால்தான் கால்வாயில் தண்ணீர் என்பதால், காத்திருப்பு முழுவதும் தீரவில்லை.

கல்லூரியும் கால்வாயும் உண்மையான சீர்திருத்தங்கள். ஆனால் அவற்றில் சோசலிசம் எங்கே, தேசம் எங்கே என்று கேட்டால் விடை கிடைப்பது கடினம். ஒரு தொகுதியின் கட்சி அந்தத் தொகுதிக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்றது. 1979 செப்டம்பர் 6 அன்று மூக்கையாத் தேவர் மறைந்தார். போஸ் மதுரைக்கு வந்து அன்றோடு சரியாக நாற்பதாண்டு. அதன் பிறகு 1996, 2001, 2011 ஆகிய தேர்தல்களில் பார்வர்ட் பிளாக் உசிலம்பட்டியில் வென்றது; எல்லாமே பெரிய திராவிடக் கட்சிகளின் கூட்டணியில் கிடைத்த வெற்றி. 2011-இல் பி.வி.கதிரவன் சிங்கச் சின்னத்தில் வென்றது கடைசி. 2016-இலும் 2021-இலும் அந்தத் தொகுதியை அ.தி.மு.க. எடுத்துக்கொண்டது. இதற்கிடையே பார்வர்ட் பிளாக் என்ற சொல்லைப் பெயரின் முன்னும் பின்னும் சேர்த்துக்கொண்ட புதிய அமைப்புகள் கிளைத்தன. 2006-இல் நடிகர் கார்த்திக் கட்சியின் மாநிலப் பொறுப்புக்கு வந்து, 2009-இல் வெளியேறி நாடாளும் மக்கள் கட்சி தொடங்கினார்.

பாப்பாபட்டிக்குத் திரும்ப வேண்டும். 1996-இல் புதிய பஞ்சாயத்துச் சட்டப்படி உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே ஆதிக்க சாதியினர் அதை ஏற்கவில்லை. வேட்புமனுத் தாக்கல் செய்ய ஆளில்லாமல் செய்தார்கள். மனுப்போட்டு வென்றவர் உடனே பதவி விலக வேண்டியிருந்தது. தேர்தல் அறிவிப்பதும் நின்றுபோவதுமாகப் பத்தாண்டு ஓடியது. அதே ஆண்டுகளில் மேலூர் அருகே மேலவளவில், தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2006 அக்டோபரில்தான், மாவட்ட ஆட்சியராக இருந்த த.உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசியதன் பலனாக, பாப்பாபட்டியிலும் மற்ற ஊர்களிலும் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் அமர்ந்தார்கள். அவர்களுக்காகச் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்தார் முதல்வர் கருணாநிதி. 2021 அக்டோபர் 2 அன்று முதல்வர் ஸ்டாலின் பாப்பாபட்டியின் கிராமசபைக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

இங்கே எனக்கு வருத்தம் மிகுதி. பிறப்பை வைத்துக் குற்றம் சாட்டும் சட்டத்தை எதிர்த்து இந்த ஊர்கள் துப்பாக்கிச் சூட்டைத் தாங்கின. பிறப்பை வைத்து ஒருவருக்கு நாற்காலி மறுக்கப்பட்டபோது, அதை எதிர்த்துப் பேசும் தகுதி யாருக்கும் இருந்ததைவிட ரேகைச் சட்டத்தை முறித்த கட்சிக்கு இருந்தது. பத்தாண்டு முடக்கத்தை உடைக்கும் வேலை ஒரு மாவட்ட ஆட்சியரின் கையில் விடப்பட்டது. அரசாங்கம் செய்ததை ஒரு மக்கள் இயக்கம் முன்னின்று செய்திருந்தால், உசிலம்பட்டி இன்று இந்தியா முழுவதற்கும் சொல்லிக்காட்டும் ஊராக இருந்திருக்கும்.

இந்த அனுபவத்தை வைத்துப் பார்த்தால், இப்போது மதுரைக்கு வரும் கட்சிகள் வேறு பாதையைத் தேர்ந்திருப்பது தெரிகிறது. விஜயகாந்த் 2005 செப்டம்பர் 14-இல் தே.மு.தி.க.வை மதுரையில் தொடங்கினார். சீமானின் நாம் தமிழர் கட்சி 2010 மே 18-இல் மதுரையில்தான் அரசியல் கட்சியாக அறிவிக்கப்பட்டது. கமல்ஹாசன் 2018 பிப்ரவரி 21-இல் மக்கள் நீதி மய்யத்தை அறிவித்ததும் மதுரையில். விஜயின் தமிழக வெற்றிக் கழகம் தன் இரண்டாவது மாநில மாநாட்டை 2025 ஆகஸ்ட் 21 அன்று மதுரைப் பாரப்பத்தியில் நடத்தியது. தெற்கு மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் சாலையும் ரயிலும் கூடும் ஊர் என்பது ஒரு காரணம். திருவிழாக் கூட்டத்துக்குப் பழகிய ஊர் என்பதும், வைகைக்கரை மாநாடுகள் ஆட்சிகளை மாற்றியதாக ஒரு நம்பிக்கை நிலவுவதும் மற்றவை.

இவை ஒரு சமூகத்தின் அடர்த்தியை நம்பித் தொடங்கப்பட்டவை அல்ல. மாநிலம் முழுக்கத் தெரிந்த முகத்தையோ மொழியுணர்வையோ முதலாகப் போட்டவை. எனவே துவெர்ஜே சொன்ன மற்றப் பக்கத்தில் போய் முட்டுகின்றன. தே.மு.தி.க. 2006-இல் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் விருத்தாசலம் என்ற ஒற்றை இடம்தான் கிடைத்தது, 2011-இல் கூட்டணியில் சேர்ந்ததும் 29 இடம், 2016-இல் பூஜ்யம். மக்கள் நீதி மய்யம் 2021-இல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்று, பின்னர் தி.மு.க. அணியில் சேர்ந்து மாநிலங்களவைக்குப் போனது. நாம் தமிழர் கட்சி மட்டும் கூட்டணி இல்லை என்ற உறுதியோடு 2016-இல் சுமார் ஒரு சதவீதத்தில் தொடங்கி 2024-இல் 8 சதவீதத்தைத் தாண்டி, 2025 ஜனவரியில் மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றது. ஒரு தொகுதியும் இல்லை. அந்தக் கட்சியின் கருத்துகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒருவர் ஓட்டுப் போட்ட கட்சியின் குரல் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேட்காமல் இருப்பது நம் தேர்தல் முறையின் குறை என்றே சொல்வேன்.

இதற்கும் கீழே, பெயரே தெரியாத கட்சிகள் இருக்கின்றன. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு 1989-இல் நடைமுறைக்கு வந்தது. வாக்காளராக உள்ள நூறு உறுப்பினரும் பத்தாயிரம் ரூபாய் கட்டணமும் இருந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு கிடைத்தாலும் அங்கீகாரம் இல்லை. நிலையான சின்னம் இல்லை. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். நாடாளுமன்றத் தேர்தலுக்கு 25,000 ரூபாய் டெபாசிட். செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும். பல ஆண்டு ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த சின்னம்கூடக் கைவிட்டுப் போகும். 2024-இல் கரும்பு விவசாயி சின்னத்தை வேறு மாநிலக் கட்சி ஒன்று முந்திக்கொண்டதால் நாம் தமிழர் கட்சி மைக் சின்னத்துக்கு மாற வேண்டியிருந்தது. ஆறாண்டு தேர்தலில் நிற்காத கட்சிகள் என்று 2025 ஆகஸ்டில் 334 கட்சிகளையும் செப்டம்பரில் 474 கட்சிகளையும் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. வருமான வரி விலக்குக்காகவே நடந்த போலிக் கட்சிகள் அவற்றில் இருந்திருக்கும். அவை போனது நல்லது. தேர்தலில் நிற்காமலே பொதுமக்களிடம் ஒரு சீர்திருத்தத்தைக் கொண்டுபோகும் அமைப்புக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். 1947-க்கு முந்திய பார்வர்ட் பிளாக்கை இந்த அளவுகோலில் நிறுத்தினால் அதுவும் நீக்கப்பட்டிருக்கும்.

சமூக அடர்த்தியில் சிக்காமலும் ஓட்டு சிதறி அழியாமலும் ஒரு சிறு கட்சி வளர வேறு இடம் உண்டா? உண்டு. ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சி சார்பில்லாமல் நடக்கிறது. ஒன்றிய வார்டும் மாவட்ட வார்டும் நகராட்சி, மாநகராட்சி வார்டுகளும் கட்சிச் சின்னத்தில் நடக்கின்றன. மதுரை மாநகராட்சியின் நூறு வார்டுகளில் ஒன்றை வெல்ல மாநிலம் தழுவிய முகம் தேவையில்லை. சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, ரேஷன் கடை இவற்றில் ஒரு குழு மூன்றாண்டு ஒழுங்காக வேலை செய்தால் தெரு அதைக் கவனிக்கும். அங்கே ஒரே தெருவில் பல சமூகத்தார் இருப்பதால் எல்லோருக்கும் பொதுவாகப் பேசியே ஆக வேண்டும். உசிலம்பட்டி ஒன்றியத்தில் ஒரு கட்சி 1996-இலேயே தலித் வேட்பாளர்களுடன் ஒன்றிய வார்டுகளில் இறங்கி, பாப்பாபட்டித் தேர்தலை நடத்தியே தீருவோம் என்று கேட்டிருந்தால், ஓட்டுக் குறைந்திருக்கலாம். கட்சியின் பெயர் வேறு விதமாக நின்றிருக்கும்.

அந்தப் பயிற்சிக் களமும் இப்போது மூடிக் கிடக்கிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட 27 மாவட்ட ஊரக உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மதுரை மாவட்டமும் அதில் அடக்கம். அதன்பின் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களை நியமித்தார்கள். எந்தச் சிறு கட்சி தேசத்தைப் பற்றிப் பேச மதுரைக்கு வந்தாலும், மாநாட்டுக்குத் திடல் தேடுவதற்கு முன்னால், அந்தத் தேர்தலை நடத்தச் சொல்லி ஒன்றிய அலுவலகத்தின் முன்னால் முதல் கூட்டத்தைப் போடட்டும்.